லினக்ஸ் கெர்னலில் நினைவகப் பிழை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

சர்வர் திடீரென்று விழுகிறது. ரீபூட் செய்தால் எழுந்துவிடுகிறது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி விழுகிறது. இப்படிப்பட்ட சர்வர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் படிந்த வரிசைதான் கீழே இருப்பது. லினக்ஸ் சர்வரை நிர்வகிப்பவர்களுக்கு எழுதியது. கெர்னல் நிரலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், நேரமும் பணமும் கேட்கும் சோதனை கடைசியில் வரும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். விடுவித்த நினைவகத்தைக் கெர்னல் மறுபடி தொட்டாலோ, ஒதுக்கிய எல்லையைத் தாண்டி எழுதினாலோ, அது பாதுகாப்புப் பிரச்சினை. உங்கள் சர்வரைத் தற்செயலாக விழவைக்கும் அதே ஓட்டை வழியாக, விவரம் தெரிந்த ஒருவர் ரூட் ஆகிவிட முடியும். ஆகவே "ரீபூட் செய்தோம், சரியாகிவிட்டது" என்று எழுதி டிக்கெட்டை மூடாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இதை விட்டுவிட்டு நேராக அறிகுறி 6-க்குப் போங்கள். மற்றபடி லாக்கைப் பத்திரப்படுத்துங்கள். டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை வேறு இயந்திரத்துக்கு நகர்த்துங்கள். கெர்னலின் லாக் பஃபர் சிறியது. புதிய வரிகள் வரவரப் பழையவை அழியும். ஏற்கெனவே ரீபூட் ஆகிவிட்டதென்றால், முந்தைய பூட்டின் கெர்னல் பதிவுகளை ஜர்னலில் தேடுங்கள். ஜர்னல் வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும்படி அமைத்திருந்தால் அங்கே எதுவும் கிடைக்காது. அந்த அமைப்பை இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, முதல் பிழை எது என்று பாருங்கள். ஒரு முறை நினைவகம் கெட்டுவிட்டால் பின்னால் வரும் பத்துப் பிழைகளும் அதன் விளைவுகள்தான். கடைசியாகத் திரையில் நின்ற பிழையைத் தேடுபொறியில் போட்டுத் தேடியே பலர் நாளைக் கழிக்கிறார்கள். பிழைச் செய்தியில் டெயின்டட் என்று தொடங்கும் பகுதி இதற்கு உதவும். அதில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்:

- டி (D) இருந்தால் இதற்கு முன்பே ஓர் ஓப்ஸ், அதாவது கெர்னல் தன்னுள்ளே பிழை நேர்ந்ததாகத் தரும் செய்தி, வந்துவிட்டது. லாக்கில் மேலே போய்த் தேடுங்கள்.
- டபிள்யூ இருந்தால் முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. அதையும் தேடுங்கள்.
- எம் இருந்தால் செயலியே வன்பொருள் கோளாறைத் தெரிவித்திருக்கிறது.
- பி என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்துகள் இரண்டு வரலாம், குழம்ப வேண்டாம். மூல நிரல் திறக்கப்படாத மாட்யூல் ஏறியிருந்தால் P வரும், எண் மதிப்பில் 1 கூடும். நினைவகப் பக்கம் கெட்டிருந்தால் B வரும், 32 கூடும்.
- ஓ இருந்தால் கெர்னலுக்கு வெளியிலிருந்து வந்த மாட்யூல் ஒன்று ஏறியிருக்கிறது. எண் மதிப்பில் 4096.

அந்த எண், ப்ராக் கோப்பமைப்பின் சிஸ், கெர்னல் அடைவுக்குள் டெயின்டட் என்ற கோப்பில் இருக்கும். 0 என்றால் எந்தக் கறையும் இல்லை.

## அறிகுறி 1: லாக்கில் ஒன்றுமே இல்லை, ஆனால் ரீபூட் ஆகிறது அல்லது உறைந்து நிற்கிறது

இதில் கெர்னலைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். மின்சாரம், வெப்பம், மின்வழங்கி ஆகியவைதான் முதலில். சர்வர் போர்டில் பிஎம்சி (இயக்க முறைமையைச் சாராமல் போர்டைக் கண்காணிக்கும் சிறு சிப்) இருந்தால் அதன் நிகழ்வுப் பதிவைப் படியுங்கள். இயக்க முறைமைக்குத் தெரியாத மின்தடையும் ரேம் கோளாறும் அங்கே நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

அங்கே எதுவும் இல்லையா? பிஸ்டோர் அடைவைப் பாருங்கள். பல இயந்திரங்களில் கெர்னல் சாகும் தறுவாயில் கடைசி வரிகளை ஃபர்ம்வேர் நினைவகத்தில் எழுதிவைக்கும். சிஸ்டம்டி அவற்றை அடுத்த பூட்டில் வார் அடைவுக்குள் எடுத்துவைக்கும். இந்த இடத்தில் பதில் இருப்பது தெரியாமலே நிறையப் பேர் வன்பொருளை மாற்றத் தொடங்குகிறார்கள்.

அதிலும் இல்லையென்றால் அடுத்த விழுகைக்குத் தயாராகுங்கள். சீரியல் கன்சோல் இருந்தால் அதை இணையுங்கள். இல்லாவிட்டால் நெட்கன்சோல் மூலம் கெர்னல் செய்திகளை வேறு சர்வருக்கு அனுப்புங்கள். பிறகு, கெர்னல் விழும்போது நினைவகத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் கேடம்ப் அமையுங்கள். கிராஷ்கெர்னல் பூட் அளவுருவில் இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. சிஸ் அடைவில் கெக்ஸெக் கிராஷ் லோடட் என்ற கோப்பில் 1 இருக்கிறதா என்று பார்த்து, பராமரிப்பு நேரத்தில் சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் வசதி) மூலம் ஒரு முறை வேண்டுமென்றே விழவைத்து, டம்ப் கோப்பு உண்மையில் எழுதப்படுகிறதா என்று சோதியுங்கள். சோதிக்காத கேடம்ப் தேவைப்படும் நாளில் காலை வாரிவிடும்.

## அறிகுறி 2: ஓப்ஸ் அல்லது பேனிக் வருகிறது, லாக்கும் இருக்கிறது

பேனிக் என்றால் கெர்னல் மொத்தமாக நின்றுவிடுவது. எந்த முகவரியைத் தொட முயன்று கெர்னல் விழுந்தது என்பதைச் செய்தியின் முதல் வரியே சொல்லும். அந்த முகவரியை வைத்துக் கிளை பிரியுங்கள்.

### முகவரி 0 அல்லது அதற்கு மிக அருகில்

வெற்றுச் சுட்டி. பெரும்பாலும் டிரைவரில் உள்ள சாதாரணப் பிழைதான். கெர்னலைப் புதுப்பித்தால் போய்விடும் வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு விதிவிலக்கு: விடுவிக்கும்போது நினைவகத்தைப் பூஜ்யமாக்கும் பூட் அளவுருவை நீங்கள் போட்டிருந்தால், விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைகூட வெற்றுச் சுட்டி வேடத்தில் வரும். அப்போது இதை எளிதாக எடுத்துக்கொள்ளாமல் அறிகுறி 3-இல் சொல்லும் சோதனைகளுக்குப் போங்கள்.

### முகவரி கிட்டத்தட்டச் சரி, ஓர் எழுத்து மட்டும் தவறு

64 பிட் எக்ஸ்86 இயந்திரத்தில் கெர்னல் முகவரிகள் நான்கு எஃப் எழுத்துகளில் தொடங்கும். அந்த நான்கில் ஒன்று மட்டும் 7, பி, டி, இ ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக மாறியிருந்தால், ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது என்று பொருள். மென்பொருள் பிழை இப்படி ஒற்றை பிட்டை மட்டும் புரட்டுவது அபூர்வம். ரேமைச் சந்தேகியுங்கள்.

பயாஸில் ரேம் வேகத்தை உயர்த்தியிருந்தால் முதலில் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. பிறகு, வன்பொருள் பிழைகளைப் பதியும் ராஸ்டீமன் நிரலின் பதிவில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். இசிசி (பிழையைத் தானே திருத்தும் வசதி) இல்லாத ரேம் என்றால் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சுற்றில் பிழை வராததை வைத்து ரேம் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். சூடேறி, சுமை ஏறிய பிறகு மட்டும் தவறும் ரேம் உண்டு. கடைசியாக, ரேம் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம்.

### முகவரியில் 6பி 6பி என்று திரும்பத் திரும்ப வருகிறது

சந்தேகமே வேண்டாம், விடுவித்த நினைவகத்தைக் கெர்னல் தொட்டிருக்கிறது. ஸ்லாப் (கெர்னலின் சிறு பொருள்களுக்கு நினைவகம் ஒதுக்கும் பகுதி) பிழைத்தேடல் இயங்கும்போது, விடுவித்த பொருள்களை இந்த பைட்டால்தான் கெர்னல் நிரப்பிவைக்கிறது. முகவரி டி, இ, ஏ, டி என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி 100 அல்லது 122 என்று, அல்லது அதற்குப் பக்கத்தில், முடிந்தால் பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கிய உறுப்பை மறுபடி தொட்டிருக்கிறது. இந்த இரண்டாவது அடையாளம் எந்தப் பிழைத்தேடல் அமைப்பும் இல்லாத சாதாரணக் கெர்னலிலும் தெரியும்.

இந்த இரண்டில் எது வந்தாலும் ரேம் சோதனையில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கெர்னலிலோ மாட்யூலிலோ பிழை இருக்கிறது.

### முகவரியின் பைட்டுகள் எழுத்துகளாக வாசிக்க வருகின்றன

ஒரு சுட்டி இருந்த இடத்தில் ஏதோ ஒரு சரம் எழுதப்பட்டிருக்கிறது. எல்லை தாண்டிய எழுத்து, அல்லது விடுவித்த இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டது. அந்தச் சரத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு கோப்புப் பெயரோ இணைய வேண்டுகோளின் துண்டோ தெரிந்தால், எந்தப் பாதை வழியாக வந்தது என்பது பாதி தெரிந்துவிடும். வெளியிலிருந்து ஒருவர் அனுப்பிய தரவு கெர்னல் சுட்டியின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் நேராக அறிகுறி 6-க்குப் போங்கள்.

### ஒவ்வொரு முறையும் அதே செயல்கூறில் விழுகிறது

ஸ்டாக் டிரேஸை, அதாவது விழுந்த இடம்வரை அழைக்கப்பட்ட செயல்கூறுகளின் பட்டியலை, ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள். ஒரே பாதை திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருள்; ஒவ்வொரு முறையும் சம்பந்தமில்லாத இடத்தில் விழுந்தால் ரேம் அல்லது எங்கோ கண்ணில் படாமல் நடக்கும் எல்லைமீறல்.

ஒரே பாதை என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்: உங்கள் வினியோகத்தின் கடைசிக் கெர்னலுக்குப் போய் ரீபூட் செய்யுங்கள். வெளி மாட்யூல்களை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டெயின்டட் எண் 0 ஆக இருக்கும்போதும் பிழை வந்தால்தான் கெர்னல் தரப்பில் உங்கள் அறிக்கையைக் காது கொடுத்துக் கேட்பார்கள். அதன்பின் பிழை வராத பழைய பதிப்பு ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நல்ல பதிப்பும் கெட்ட பதிப்பும் கையில் இருந்தால் கிட் பைசெக்ட் செய்து எந்த மாற்றம் காரணம் என்று பிடிக்கலாம். அதற்குப் பல முறை கெர்னலைக் கட்டி, பல முறை விழவைக்க வேண்டும். உற்பத்திச் சர்வரில், அதாவது உண்மையான சேவை ஓடும் சர்வரில், செய்யாதீர்கள்.

## அறிகுறி 3: விழவில்லை, எச்சரிக்கை மட்டும் வருகிறது

மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் அறிகுறி இதுதான். சேவை ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ரெஃப்கவுண்ட் அண்டர்ஃப்ளோ என்றோ, லிஸ்ட் டெல் கரப்ஷன் என்றோ, பேட் பேஜ் ஸ்டேட் என்றோ லாக்கில் ஒரு வரி வந்தால், நினைவகக் கணக்கு கலைந்ததைக் கெர்னல் தானே கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடத்திலிருந்து அந்த இயந்திரத்தின் நினைவகத்தை நம்ப முடியாது. முடிந்தவரை சீக்கிரம் சேவையை வேறு சர்வருக்கு மாற்றி, லாக்கை எடுத்துக்கொண்டு ரீபூட் செய்யுங்கள்.

மறுபடி வந்தால் பொறி வைக்க வேண்டும். மூன்று பொறிகள் உண்டு. விலை வித்தியாசம் பெரிது.

முதலாவது கேஃபென்ஸ். 5.12 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே இருக்கிறது. ஒதுக்கீடுகளில் ஒரு சிறு மாதிரியை மட்டும் எடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கிறது. இயல்பான அமைப்பில் 100 மில்லி விநாடிக்கு ஓர் ஒதுக்கீடு, மொத்தம் 255 பொருள்கள், சுமார் 2 எம்பி நினைவகம். உற்பத்திச் சர்வரிலேயே தயங்காமல் ஓட்டலாம். சில வினியோகங்களில் கட்டப்பட்டிருந்தும் மாதிரி இடைவெளி 0 என்று வைக்கப்பட்டு அணைந்திருக்கும். பூட் அளவுருவில் 100 கொடுத்தால் இயங்கும். ஒரே சர்வரில் சிக்க நாளாகலாம். ஒரே வேலையைச் செய்யும் சர்வர்கள் நிறைய இருந்தால் எல்லாவற்றிலும் இயக்குங்கள், எங்காவது ஒன்றில் சீக்கிரம் மாட்டும். மாட்டினால் யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது, யார் தொட்டது ஆகிய மூன்று டிரேஸும் கிடைக்கும். பொறுமைக்கு இதைவிட நல்ல பலன் இல்லை.

இரண்டாவது ஸ்லாப் டீபக் பூட் அளவுரு. பழைய கெர்னல்களில் இதன் பெயர் ஸ்லப் டீபக். எஃப், இசட், பி, யூ என்ற நான்கு தெரிவுகளையும் சேர்த்துக் கொடுத்தால் எல்லைக் காவல், நச்சு பைட் (மேலே சொன்ன 6பி), ஒதுக்கியவர் விவரம் எல்லாம் வரும். வேகம் குறையும். சந்தேகப்படும் ஒரு கேஷின் (ஒரே வகைப் பொருள்களுக்கான ஒதுக்கீட்டுத் தொகுப்பின்) பெயரை மட்டும் குறிப்பிட்டால் இழப்பைத் தாங்கலாம். கூடவே ஸ்லாப் நோமெர்ஜ் அளவுருவையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அளவுள்ள பல கேஷ்களைக் கெர்னல் ஒன்றாக்கிவிடும், குற்றவாளி எந்தக் கேஷிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.

மூன்றாவது கேசான். இதற்காகக் கெர்னலைத் தனியாகக் கட்ட வேண்டும். பொதுவான வகை, நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை நிழல் நினைவகமாக எடுத்துக்கொள்ளும். வேகமும் நன்றாகவே குறையும். சோதனைக்கூடத்தில் பிழையைத் திரும்ப வரவைக்க முடிந்தால் மட்டும் இதற்குப் போங்கள். முடிந்தால் இதைப் போலத் துல்லியமாகக் காட்டிக்கொடுப்பது வேறில்லை.

ஓப்ஸ் வந்தவுடன் கெர்னலை நிறுத்திவிடும் பேனிக் ஆன் ஓப்ஸ் அமைப்பை, பிழை ஓயும்வரை 1 ஆக்குவதா என்று கேட்பார்கள். மாற்றுச் சர்வர் இருந்தால், கேடம்ப் வேலை செய்தால், ஆக்குங்கள் என்பதே என் பதில். ஓப்ஸுக்குப் பிறகும் ஓடும் கெர்னல், ஓட்டையைத் துழாவுபவருக்கு மறுபடி மறுபடி முயலும் வாய்ப்பைக் கொடுக்கிறது. 6.2 பதிப்பில் ஓப்ஸ் எண்ணிக்கைக்கு 10000 என்று ஓர் உச்சவரம்பு வைத்ததும் இதே கவலையால்தான். ஒரே ஒரு சர்வரை நம்பிச் சேவை நடக்கிறதென்றால், அடிக்கடி விழுவதை உங்களால் தாங்க முடியுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி 4: கோப்புகள் சத்தமில்லாமல் கெடுகின்றன

வட்டு, ரேம், கெர்னல் என்ற வரிசையில் சந்தேகியுங்கள். வட்டு தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள்; மேலே சொன்ன ரேம் சோதனையைச் செய்யுங்கள். இரண்டும் சுத்தம் என்றால் இந்தச் சோதனை: கெட்ட கோப்பின் ஹாஷை எடுங்கள், சிங்க் கொடுத்துப் பக்கக் கேஷை (கோப்புகளுக்கு நினைவகத்தில் வைத்திருக்கும் நகலை) காலி செய்யுங்கள், மறுபடி ஹாஷ் எடுங்கள். இரண்டும் வேறுபட்டால் கேஷில் இருந்தது ஒன்று, வட்டில் இருப்பது வேறொன்று. வட்டு குற்றமற்றது, நினைவகத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். ஹாஷ் ஒன்றாகவே இருந்தால் கெர்னல் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. கெட்ட பக்கம் ஏற்கெனவே வட்டில் எழுதப்பட்டிருக்கலாம்.

கெட்ட பைட்டுகளை ஹெக்ஸ் வடிவில் பார்க்கத் தவறாதீர்கள். 2022-இல் வெளிவந்த டர்ட்டி பைப் ஓட்டையை மேக்ஸ் கெல்லர்மன் கண்டுபிடித்தது இப்படித்தான். சுருக்கிவைத்த லாக் கோப்புகளில் சிஆர்சி பிழை வருகிறது என்ற புகாரில் தொடங்கியது. கோப்பின் கடைசி 8 பைட்டுகள் மட்டும் கெட்டிருந்தன, அவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தன. தற்செயலான கோளாறு அப்படி ஒழுங்காக வராது. துவக்க மதிப்பு கொடுக்கப்படாத ஒரு கொடியால், படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் பக்கக் கேஷில்கூட யார் வேண்டுமானாலும் எழுத முடிந்தது. 5.8 பதிப்பில் நுழைந்து, 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகியவற்றில் சரிசெய்யப்பட்டது. உங்கள் கோப்புகளில் சேதம் ஒரே இடத்தில், ஒரே வடிவில் வந்தால் வன்பொருளை விட்டுவிட்டு மென்பொருளில் தேடுங்கள்.

## அறிகுறி 5: பாதுகாப்பு ஸ்கேனர் ஓட்டை இருக்கிறது என்கிறது, புதுப்பித்த பிறகும்

ரீபூட் செய்தீர்களா? பெரும்பாலான வழக்கு இங்கேயே முடிந்துவிடும். புதிய கெர்னல் வட்டில் இருக்கும், பழையது ஓடிக்கொண்டிருக்கும். யூநேம் காட்டுவதையும் நிறுவப்பட்ட தொகுப்பின் பதிப்பையும் ஒப்பிடுங்கள். ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் பயன்படுத்தினால் யூநேம் மாறாது. சிஸ் அடைவில் லைவ்பேட்ச் பகுதியைப் பாருங்கள்.

ரீபூட் செய்தும் காட்டினால் பதிப்பு எண்ணை வைத்து ஸ்கேனர் ஏமாறுகிறது. வினியோகங்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய கெர்னலில் ஒட்டுவார்கள். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கெர்னல் எத்தனை திருத்தம் வந்தாலும் 4.18 என்றே தொடங்கும். வினியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பில் அந்தச் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்ணை) தேடுவதுதான் சரியான சோதனை. கண்டெய்னருக்குள் ஸ்கேனர் கத்தினால் கண்டெய்னர் படிமத்தைப் புதுப்பித்துப் பயனில்லை, கெர்னல் ஹோஸ்டுடையது.

2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே சிவிஇ எண்களை வழங்குகிறது. எண்ணிக்கை பெருகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அவசரத்தோடு துரத்த முடியாது. அந்த மாட்யூல் உங்கள் கெர்னலில் இருக்கிறதா, சாதாரணப் பயனர் அதைத் தொட முடியுமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அன்றே பேட்ச் போடுங்கள்.

அன்று முடியாவிட்டால் இடைக்காலத் தடுப்பு உண்டு. சிவிஇ 2022-0185, 2024-1086 ஆகிய இரண்டு ஓட்டைகளிலும் சாதாரணப் பயனர் யூசர் நேம்ஸ்பேஸ் (உள்ளே மட்டும் ரூட் போல நடக்க முடிகிற தனிச்சூழல்) உருவாக்கித்தான் பாதிக்கப்பட்ட பகுதியை அடைந்தார். யூசர் நேம்ஸ்பேஸ் உச்சவரம்பை 0 ஆக்கினால் அந்தக் கதவு மூடும். ரூட் இல்லாத கண்டெய்னர்களும் சில உலாவிகளின் காப்பறையும் (சாண்ட்பாக்ஸ்) அதனால் நின்றுபோகும். முதலில் சோதனைச் சர்வரில் பாருங்கள். இது பேட்சுக்கு மாற்று ஆகாது.

## அறிகுறி 6: யாரோ பயன்படுத்திவிட்டார்களோ என்ற சந்தேகம்

சந்தேகத்துக்கு நியாயமான காரணங்கள்: ஓப்ஸ் செய்தியில் காம் என்ற இடத்தில் நீங்கள் நிறுவாத நிரலின் பெயர், வெப் சர்வரின் பயனர் கணக்கில் ஓடிய நிரல் நெட்ஃபில்டர் (கெர்னலின் வலைப்பின்னல் வடிகட்டி) போன்ற பகுதியில் விழுந்திருப்பது, பல ஓப்ஸ்கள் அடுத்தடுத்து, சில விநாடி இடைவெளியில், அதன்பின் அமைதி, ஆனால் ரூட் உரிமையில் தெரியாத ஒரு செயல்முறை.

இங்கே நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள். ரீபூட் வேண்டாம், பேட்ச் வேண்டாம், அந்தச் சர்வரிலேயே உட்கார்ந்து கட்டளை தட்டவும் வேண்டாம். ரூட் போய்விட்ட இயந்திரத்தில் உங்கள் கட்டளைகள் காட்டுவதை நம்ப முடியாது. வலைப்பின்னலிலிருந்து வெளியே பிரித்துவையுங்கள், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். மெய்நிகர் இயந்திரம் என்றால் ஹைப்பர்வைசரிலிருந்து நினைவகத்தோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுங்கள். நீங்கள் எடுக்கக்கூடிய ஆகச் சிறந்த தடயம் அது. பிறகு தடயவியல் தெரிந்த பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். அந்தச் சர்வரில் இருந்த சாவிகள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வேறொரு சுத்தமான இயந்திரத்திலிருந்து மாற்றத் தொடங்குங்கள். அந்த இயந்திரத்தைக் கடைசியில் சுத்தப்படுத்துவதைவிடப் புதிதாகக் கட்டுவதே பாதுகாப்பு.

## வேறு எப்போது நிபுணரிடம் போவது

கடைசிக் கெர்னலில், வெளி மாட்யூல் இல்லாமல், நல்ல ரேமில், அதே டிரேஸ் மறுபடி வந்தால் உங்கள் பங்கு முடிந்தது. ஆதரவு ஒப்பந்தம் இருந்தால் டம்ப் கோப்பையும் துல்லியமான கெர்னல் பதிப்பையும் வினியோகத்தாரிடம் கொடுங்கள். டம்பில் கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் தரவும் இருக்கும், ஆகவே குறியாக்கம் செய்து மட்டும் அனுப்புங்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் கெர்னல் மூல நிரலில் மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பு இருக்கிறது; எந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று அதில் தெரியும்.

சாதாரணப் பயனர் ஒருவரால் அந்தப் பிழையை வேண்டுமென்றே வரவைக்க முடிகிறது என்று தெரிந்துவிட்டால் பொது அஞ்சல் பட்டியலில் போடாதீர்கள். வினியோகத்தின் பாதுகாப்புக் குழுவுக்கோ, கெர்னல் பாதுகாப்புக் குழுவின் தனி முகவரிக்கோ எழுதுங்கள். இணைப்பாகப் படம் அனுப்பாமல், முழு டிரேஸையும் எளிய உரையாக மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். பிழையை வரவைக்கும் சிறிய நிரல் கையில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்தம் பெரும்பாலும் அதை வைத்துத்தான் சோதிக்கப்படும்.